மேகம் விலகியதும் தொலைநோக்கியின் லென்ஸ் மங்குவது ஏன்?

மார்கழி விடியலில், வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் நனைந்து கிடக்கும். பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியோ காய்ந்திருக்கும். பனி மேலிருந்து பெய்தது, மரம் குடை பிடித்தது என்று தோன்றும். உண்மையில் பனி பெய்வதில்லை. வானத்தைப் பார்த்தபடி இருக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக மேலே இழந்துகொண்டே இருக்கும். மரம் ஏறக்குறைய அதே அளவு கதிரைக் கீழே அனுப்பி ஈடுகட்டிவிடும். தெளிந்த வானம் அப்படிச் செய்யாது. சீட் காற்றைவிடக் குளிர்ந்து பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலையை, எட்டியதும், அதைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் அங்கேயே நீராகிவிடும்.

மழைக்காலத்தில் நாலு பேர் கூடி வானம் பார்க்கும் இரவில் மேகத்தைவிடப் பெரிய தொல்லை இதுதான். மேகம் மூடியிருக்கும்வரை அதுவே மரத்தின் வேலையைச் செய்துவிடும். மழை விட்டு வானம் திறந்து, "வியாழன் தெரியுது, ஓடி வாங்க!" என்று கூப்பிட்ட சற்று நேரத்திலேயே தொலைநோக்கியின் கண்ணாடி மங்கத் தொடங்கும். காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 17 டிகிரி, தப்பிக்கலாம். ஈரப்பதம் 90 ஆனால் அது 23. கண்ணாடி இரண்டே டிகிரி குளிர்ந்தால் போதும்.

ஷ்மிட்-காஸெக்ரெய்ன் வகைத் தொலைநோக்கிதான் முதலில் மாட்டும், அதன் திருத்தத் தகடு (பிம்பத்தைச் சரிசெய்யும் கண்ணாடி) குழாயின் வாயிலேயே இருப்பதால். நியூட்டோனியன் வகையில் ஒளியைக் குவிக்கும் பெரிய ஆடி குழாயின் அடியில் பத்திரமாக இருக்கும். ஆனால் இலக்கைத் தேட உதவும் சிறு ஃபைண்டரும், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸும் நனையும்.

லென்ஸுக்கு ஒரு தாழ்வாரம் கட்டுவதே முதல் வைத்தியம். யோகா பாயைக் குழாயின் வாயைச் சுற்றிச் சுருட்டி, அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு முன்னால் நீட்டிவிடுங்கள்: 8 அங்குலத்துக்கு 30 செ.மீ. உட்பக்கம் கறுப்பாக இருக்கட்டும். இது பனியைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. நிறுத்த ஹீட்டர் பட்டை வேண்டும்: 330 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர்கள் 20, எல்லாம் பக்க இணைப்பில், 12 வோல்ட் பேட்டரியில். மொத்தம் சுமார் 9 வாட். தெரியாமல் தொடர் இணைப்பில் கோத்துவிட்டால் 0.02 வாட்தான் கிடைக்கும். இரவெல்லாம் தொட்டுப் பார்த்தாலும் சூடிருக்காது. 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதியோடு நிறுத்தினால் நாலரை மணி நேரம் ஓடும்.

ஏற்கெனவே மங்கியதைக் கைக்குட்டையால் துடைக்க வேண்டாம். தூசி பூச்சைக் கீறும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டினால் போதும்.

கூட்டம் சேர்ந்தால் ஐபீஸுக்கு வேறொரு எதிரி: வரிசையில் நிற்பவர்களின் மூச்சு. இரண்டு ஐபீஸ் வைத்துக்கொண்டு, ஒன்று எப்போதும் சட்டைப் பையில் உடல்சூட்டில் இருக்கட்டும், மங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் இல்லாமல் கையால் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கியில், 100 மடங்கு பெரிதாக்கத்தில் வியாழன் சுமார் இரண்டு நிமிடத்தில் பார்வைப்புலத்தைக் கடந்துவிடும். அதைக் கிழக்கு ஓரத்தில் வைத்துக் கொடுத்தால், இரண்டு பேராவது தொந்தரவில்லாமல் பார்ப்பார்கள்.

மெல்லிய உயர்மேகம் வந்தால் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி காணாமல் போகும். அதே பெயருள்ள விண்மீன் குழுவின் அல்மாக் என்ற மஞ்சள்-நீல இரட்டை விண்மீன் அப்போதும் தெரியும். நிலாவும் கோள்களும் சில சமயம் பிம்பத்தின் துடிப்பு அடங்கி, தெளிந்த இரவைவிட நன்றாகவே இருக்கும்.

முடித்துக் கட்டும்போது ஈரமான லென்ஸுக்கு மூடி போடாதீர்கள். வீட்டில் குழாயின் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, காயும்வரை திறந்தே விடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பூச்சுக்குள் வேர்விடும். அந்தத் தடம் பிறகு எதற்கும் போகாது.