மைனஸ் 38-ஆவது நோட்டு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி கணினி அறிவியல் பொறியியல் படிப்பவர்களுக்கு மூன்றாவது செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. முதலாவதைக் கணக்குப் பாடம் என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாவது வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படும் என்பதால் அதற்கு மட்டும் தனி மரியாதை. மூன்றாவதில் அரியர் விழாமல் இருந்தால் போதும். மூன்றுக்கும் தொடர்பு உண்டா என்று வகுப்பில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்றும் வந்து முட்டிக்கொள்ளும் ஒரு வரி, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தின் ஐந்தாவது யூனிட்டில் இருக்கிறது.

லேப் மேஜையில் 120 ரெக்கார்டு நோட்டுகள், பதிவெண் வரிசையில் அடுக்கியிருக்கின்றன. ஒரு மாணவியின் நோட்டு வேண்டும். மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினால் 120 நோட்டையும் பார்க்க நேரலாம். நடுவில் ஒன்றை உருவிப் பார்த்து, அவள் எண் அதைவிடப் பெரியது என்றால் முதல் பாதியை மறந்துவிடலாம். மிச்சத்திலும் நடுவைப் பார்க்கலாம். இப்படிப் போனால் ஏழு முறைக்குள் நோட்டு கையில் இருக்கும். பத்து லட்சம் நோட்டுகள் இருந்தாலும் இருபது முறைதான். இதன் பெயர் பைனரி சர்ச், இருமத் தேடல்.

நிரலில் எழுதும்போது இடங்களை 0 முதல் 119 வரை எண்ணுவோம். தேட வேண்டிய பகுதியின் இரு முனைகள் கீழ், மேல். ஒவ்வொரு சுற்றிலும் இந்த வரி ஓடும்:

நடு = (கீழ் + மேல்) / 2

பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சராசரி; அரை வந்தால் அதை விட்டுவிடும். இதில் என்ன தப்பு வரும்?

டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸில் படித்த தொகுத்தறி முறையை (இண்டக்ஷன்) கொண்டு இந்தத் தேடல் சரியானது என்று நிரூபித்தும் காட்டலாம். தேடும் நோட்டு அடுக்கில் இருக்குமானால், அது எப்போதும் கீழுக்கும் மேலுக்கும் இடையில்தான் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடைவெளி குறைகிறது. ஆகவே தேடல் முடிந்தே தீரும். ஓட்டை இல்லாத நிரூபணம். எண்களுக்கு எல்லை கிடையாது என்ற நம்பிக்கை மட்டும் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

கணினிக்குள் எண் ஒரு பெட்டியில் வாழ்கிறது. எளிமைக்காக எட்டு பிட் பெட்டி, அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் எட்டு இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் எண்களையும் குறிக்க வேண்டும் என்பதால் இடது ஓரத்து பிட்டின் மதிப்பு மைனஸ் 128. மற்றவை 64, 32, 16, 8, 4, 2, 1. அதிகபட்சமாக அடங்குவது 127. நம் 120 நோட்டில் முதல் நடு 59. அவள் எண் அதைவிடப் பெரியது, எனவே கீழ் 60 ஆகிறது, மேல் 119. இரண்டையும் கூட்டினால் 179, இரும எண்ணில் 10110011. பெட்டியில் இடது ஓரத்து 1 விழுந்ததும் அதன் பொருள் மைனஸ் 128. மீதி பிட்களின் கூட்டு 51. ஆக, இயந்திரத்தின் கண்ணுக்கு இது மைனஸ் 77. இரண்டால் வகுத்தால் மைனஸ் 38. அடுக்கில் மைனஸ் 38-ஆவது நோட்டை எடுத்துவரச் சொல்கிறது நிரல். ஜாவா அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். சி மொழியோ, அந்த இடத்து நினைவகத்தில் கிடக்கும் எதையாவது எடுத்து நீட்டினாலும் நீட்டும்.

1946-இல் கணினி முன்னோடி ஜான் மாக்லி இந்தத் தேடலைப் பற்றி விரிவுரையில் பேசினார். எந்த நீளத்துப் பட்டியலுக்கும் பொருந்தும் வடிவம் அச்சில் வரவே அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அதன் பிறகும் மேற்சொன்ன வரியின் பிழை மட்டும் யாரிடமும் சிக்காமல் தொடர்ந்தது. ஜாவா மொழியோடு ஆயத்தமாக வரும் நூலக நிரலில் அதை எழுதியவர் ஜோஷுவா பிளாக். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் பென்ட்லியின் முதல் அல்காரிதம் வகுப்பிலேயே, புதிதாகச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர்கள் எல்லோரும் பைனரி சர்ச் எழுத வேண்டியிருந்ததாம். பெரும்பாலானவை பிழையோடு இருந்தனவாம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் பிளாக். சரியென்று நிரூபித்துக்காட்டிய பென்ட்லியின் நிரலிலும் இதே கூட்டல்தான் இருந்தது. ஜாவாவில் சுமார் ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததை 2006-இல் பிளாக்கே எழுதி வெளியிட்டார்.

ஏன் அவ்வளவு நாள் தெரியவில்லை? இங்கேதான் கணினியின் உள்ளமைப்பைச் சொல்லும் அந்த மூன்றாவது பாடம் பேசுகிறது. நிஜத்தில் பெட்டி 32 பிட் அகலம். 214 கோடி வரை தாங்கும். கூட்டல் அதைத் தாண்ட வேண்டுமானால் பட்டியலில் ஏறத்தாழ 107 கோடி உறுப்புகளாவது வேண்டும். உறுப்புக்கு நான்கு பைட் என்றால் 4 ஜிபி நினைவகம். பழைய 32 பிட் கணினியால் மொத்தமாகவே முகவரியிட முடிந்தது 4 ஜிபி. பட்டியல் ஒன்றுக்கே முழு நினைவகத்தையும் கொடுத்துவிட்டு நிரலை எங்கே வைப்பது? 64 பிட் கணினிகளும் மலிவான நினைவகமும் வந்த பிறகே பிழை வெளியே எட்டிப் பார்த்தது.

அந்த 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி. பைத்தானில் எண் பெருக்கப் பெருக்கப் பெட்டியும் பெருக்கும். இந்தப் பிழை அங்கே தலைகாட்டாது. அதனால்தான் சி வந்ததும் சிலர் திகைக்கிறார்கள். அதே பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு நூலகத்தின் வரிசைகளைத் தொட்டால் பெட்டிகள் திரும்பி வந்துவிடும் என்பது வேறு கதை.

திருத்தம் இரண்டு வகை. ஒன்று, கூட்டாமல் இடைவெளியைப் பாதியாக்கிக் கீழுடன் சேர்ப்பது: 119-இலிருந்து 60 போக 59, அதில் பாதி 29, 60-உடன் சேர்த்தால் 89. எங்கும் 127-ஐத் தாண்டவில்லை.

எனக்குப் பிடித்தது ஜாவா எடுத்துக்கொண்ட மற்றொன்று. கூட்டல் வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிடுகிறது. கூட்டலில் எந்த பிட்டும் தொலையவில்லை. இடது ஓரத்து பிட்டை நாம் மைனஸ் என்று படித்ததுதான் சிக்கல். ஆகவே வகுப்பதற்குப் பதிலாக, எல்லா பிட்களையும் வலப்பக்கம் ஓர் இடம் தள்ளி, காலியான இடது ஓரத்தில் 0 வைக்கிறது. 10110011 தள்ளப்பட்டு 01011001 ஆகிறது. கூட்டிப் பாருங்கள்: 64, 16, 8, 1. அதே 89.