இலையில் உண்டு, அரிசியில் இல்லை

ஆரணி ரைஸ் மில்லில் நெல் போகும் வழியைப் பார்த்திருப்பீர்கள். உமி தனியாக, தவிடு தனியாக, கடைசியில் வெள்ளை வெளேரென்று அரிசி. அந்த வெள்ளை மணியில் வைட்டமின் ஏ தரும் பீட்டா கரோட்டின் துளியும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், வயலில் நிற்கும் அதே பயிரின் பச்சை இலையில் அது இருக்கிறது. இலைக்கும் மணிக்கும் ஒரே மரபணுக்கள்தான். இங்கே விழித்திருக்கின்றன, அங்கே தூங்குகின்றன.

எழுப்பி விடுவது, மரபணுவுக்கு முன்னால் இருக்கும் புரோமோட்டர் என்ற டி.என்.ஏ. துண்டு. சில புரதங்கள் அதில் வந்து உட்கார்ந்தால்தான் மரபணு படியெடுக்கப்படும். மணியிலும் பீட்டா கரோட்டின் வரவைக்க வெளி மரபணு ஒன்றை நெல்லுக்குள் நுழைப்பது இன்று பெரிய வித்தை இல்லை. அதை எங்கே, எப்போது, எவ்வளவு வேலை வாங்குவது என்பதுதான் தலைவலி.

ஆரம்பத்தில் காலிஃபிளவரைத் தாக்கும் வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் புரோமோட்டரைத்தான் பலரும் நம்பினார்கள். புகையிலையில் வெளுத்து வாங்கிய அது, தானியப் பயிர்களில் மந்தமாகவே இருந்தது. அப்புறம் தானியங்களிடமே கடன் வாங்கினார்கள்: நெல்லின் ஆக்டின் மரபணுவுடைய புரோமோட்டர், மக்காச்சோளத்தின் யுபிக்விட்டின் மரபணுவுடைய புரோமோட்டர். கூடவே அவற்றின் இன்ட்ரானையும் வைத்தால் உற்பத்தி எகிறுகிறது. புரதமாக மாறாமல் நடுவிலேயே வெட்டி எறியப்படும் துண்டு அது. குப்பைக்குப் போவது இவ்வளவு வேலை செய்கிறதே என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சரி, இவையெல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட பம்புசெட் மாதிரி. த்ரீ பேஸ் வந்ததும் மோட்டார் ஓடும். வயலுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காது. வேர், இலை, தண்டு என எல்லா இடத்திலும் புரதம் உருவாகும். மணிக்கு மட்டும் வேண்டுமென்றால் அந்த ஒரு மடையைத்தான் திறக்க வேண்டும். நெல் பால் பிடித்து முற்றும்போது மணிக்குள் குளூட்டலின் என்ற புரதம் சேர்கிறது. அதன் புரோமோட்டர்தான் அந்த மடை.

இங்கோ பொட்ரிகுஸ், பீட்டர் பேயர் என்ற விஞ்ஞானிகளின் குழு, மணியில் பீட்டா கரோட்டின் உண்டாகும்படி மாற்றி 2000-இல் வெளியிட்ட நெல்தான் கோல்டன் ரைஸ். அதில் நுழைத்த ஒரு மரபணுவுக்குக் குளூட்டலின் மடை, இன்னொன்றுக்குப் பழைய 35எஸ். கிடைத்த கரோட்டினாய்டு (பீட்டா கரோட்டினும் சேர்ந்த நிறமி வகை) கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம். 2005-இல் வந்த இரண்டாம் வகையில் இரண்டுக்குமே குளூட்டலின் மடை. டாஃபடில் பூவின் மரபணுவுக்குப் பதில் மக்காச்சோளத்தினுடையது. அளவு 37 மைக்ரோகிராம் வரை போனது. (நம் ஊர் மில்லுக்கு அந்த நெல் இன்னும் வரவில்லை.)

மடை மட்டும் சரியாக இருந்தால் போதாது, மரபணு போய் உட்காரும் இடமும் முக்கியம். இந்திய ஆய்வாளர்கள் கோல்டன் ரைஸில் ஒரு வகையை ஸ்வர்ணா நெல் ரகத்தோடு கலப்பு செய்து பார்த்து 2017-இல் எழுதினார்கள். புதிய மரபணு, பயிரை வளரவைக்கும் ஆக்சின் ஹார்மோனைக் கடத்தும் நெல்லின் சொந்த மரபணு ஒன்றின் நடுவில் போய் விழுந்து அதைக் கெடுத்திருந்தது. போதாக்குறைக்கு மடையும் ஒழுகியது. மணியில் மட்டும் விழிக்க வேண்டியவை இலையிலும் விழித்துக்கொண்டன. பயிர் குட்டையானது, இலை வெளிறியது, விளைச்சல் சரிந்தது. மணி மட்டும் பொன்னிறமாகவே இருந்தது.