வெண்டிலேட்டர் நிமோனியா: மூன்றாம் நாள் சொல்லும் சேதி

மூச்சுக்குழாயில் குழாய் செருகி வெண்டிலேட்டரில் வைக்கப்பட்டவருக்கு 48 மணி நேரம் கடந்தபின் உண்டாகும் நுரையீரல் தொற்றையே வெண்டிலேட்டர் சார்ந்த நிமோனியா என்கிறோம். சுவாசம் தரும் அந்தக் குழாய் இருமலைத் தடுத்துவிடுகிறது. அதைச் சுற்றி ஊதப்பட்டிருக்கும் சிறு பலூனின் மடிப்புகள் வழியே தொண்டையில் தேங்கிய சளி, கிருமிகளோடு துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குகிறது.

தொற்று வந்தவர் பிழைப்பாரா என்பதைக் கணிக்க மதிப்பெண் முறைகள் உள்ளன; மதிப்பெண் கூடக்கூட ஆபத்தும் கூடும். 1985இல் வெளியான அபாச்சி 2, வயது, நாட்பட்ட நோய்கள், 12 உடலியல் அளவீடுகள் ஆகியவற்றைக் கூட்டி 71 வரை மதிப்பெண் தருகிறது. 1996இல் வந்த சோஃபா, நுரையீரல், ரத்தம் உறைதல், கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் ஆகிய ஆறுக்கும் தலா 4 வரை, மொத்தம் 24 மதிப்பெண் வழங்குகிறது. (மயக்க மருந்தில் இருப்பவரின் சுயநினைவை அளப்பது கடினம் என்பதால் மூளைக்கான மதிப்பெண்ணை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.) ஆனால் இவை ஒரே நிலையிலுள்ள நூறு பேரில் ஏறத்தாழ எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று சொல்பவையே தவிர, கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரின் முடிவைச் சொல்பவை அல்ல.

என் பார்வையில், முதல் நாள் மதிப்பெண்ணைவிட அடுத்த சில நாட்களில் அது நகரும் திசையே அதிகம் பேசுகிறது. சோஃபாவில் நுரையீரலுக்கான மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம்: தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, நோயாளி சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பங்கால் வகுத்தால் அதற்கு அடிப்படையான ஓர் எண் கிடைக்கும். நலமாக இருப்பவருக்கு அது 400க்கு மேல் இருக்கும். 50 சதவீத ஆக்சிஜன் (பங்கு 0.5) கொடுத்தும் அழுத்தம் 80 மட்டுமே என்றால், அந்த எண் 160. மூன்றாம் நாள் 40 சதவீதத்திலேயே அழுத்தம் 88 ஆகிவிட்டால், எண் 220. அழுத்தம் எட்டே புள்ளிகள்தான் கூடியிருக்கிறது. ஆனாலும் நுரையீரல் தேறுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

தொடக்கத்திலேயே கிருமிக்குப் பொருத்தமான ஆன்டிபயாடிக் கிடைத்ததா என்பது இந்த ஏற்றத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. எண் அசையாமல் நின்றால் மருத்துவர்கள் சளியை மீண்டும் சோதனைக்கு அனுப்பி, மருந்துக்கு அடங்காத கிருமியா, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறதா, அல்லது இது நிமோனியாவே இல்லையா என்று புதிதாகத் தேடத் தொடங்குகிறார்கள்.