நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு

பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிதி விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். "நம்ம ஆசிரியர்கள் ஏன் புரபோசல் எழுத மாட்டேங்கிறாங்க?" என்று கூட்டங்களில் அடிக்கடி கேட்பார்கள். ஆர்வம் இல்லை என்று யாராவது பதிலும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பார்த்தவர்களில் பலர் ஒருமுறையாவது எழுதியவர்கள். கிடைக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டவர்கள்.

2012-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்குப் போன 3,727 விண்ணப்பங்களைப் பற்றி ஒரு மதிப்பீடு உண்டு. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 34 வேலை நாட்கள் செலவாகியிருந்தன. நிதி கிடைத்ததோ ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத்தான். வகுப்பு, விடைத்தாள், துறைக் கூட்டம் எல்லாம் போக அந்த 34 நாட்களை ஓர் ஆசிரியர் எங்கே போய்த் தேடுவார்? இரவிலும் விடுமுறையிலும்தான். கிடைத்தவர் படும் பாடும் தனி. ஒரு கருவி வாங்குவதற்கான கோப்பு மாதக்கணக்கில் மேசை மேசையாக நகர்வதைப் பக்கத்து அறைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனாலும் ஆளை முடக்குவது முதல் தோல்விதான். நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான நிதியை நூலிழையில் பெற்றவர்களையும் நூலிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. அடுத்த எட்டு ஆண்டுகளில் நூலிழையில் பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட இருமடங்குக்கும் மேல் நிதி சேர்ந்திருந்தது. தவறவிட்டவர்கள் மறுபடி விண்ணப்பிப்பதைக் குறைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஓர் உதவிப் பேராசிரியை, நிராகரிப்புக் கடிதத்தோடு வந்த மதிப்பீட்டாளர் குறிப்புகளை நான்கு மாதமாகத் திறக்கவே இல்லை. "வருந்துகிறோம்னு முதல் வரியிலேயே இருந்தது சார், மூடிட்டேன்" என்றார். பிரிண்ட் எடுத்து இருவரும் உட்கார்ந்து படித்தோம். மூவரில் இருவர் கேள்வி புதியது என்று பாராட்டியிருந்தார்கள். மூன்றாமவர், மாதிரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று எங்குமே சொல்லவில்லையே என்று கேட்டிருந்தார். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க அதைப் பற்றியே எழுதியவர் இந்த உதவிப் பேராசிரியை! விடுபட்டது ஒரே ஒரு பத்தி. அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

'ஆளுக்கொரு புரபோசல் கட்டாயம்' என்று சுற்றறிக்கை அனுப்புவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். இரண்டு இரவில் எழுதிய விண்ணப்பங்கள் மொத்தமாகத் திரும்பி வரும். காயப்பட்டவர்களின் எண்ணிக்கைதான் கூடும். விண்ணப்பம் எழுதும் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துக் கொடுக்கிற துறைத் தலைவர் அதைவிடப் பெரிய உதவி செய்கிறார். நிதி கிடைத்த மூத்தவர்கள் தங்கள் பழைய விண்ணப்பத்தையும், முதலில் நிராகரிக்கப்பட்டதையும் சேர்த்தே, இளையவர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும். சிலர் கொடுக்கிறார்கள்.

முடிவுகள் வரும் வாரத்தில் இப்போதெல்லாம் கிடைக்காதவர்களைத்தான் முதலில் அழைக்கிறேன், குறிப்புகளைச் சேர்ந்து படிக்க ஒரு நாள் குறிப்பதற்காக. அந்த உதவிப் பேராசிரியை விடுபட்ட பத்தியைச் சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.