பூஸ்டர் என்பவர் ஊக்கியா, ரசிகரா?

"கல்லூரி வீரருக்குப் பணம் கொடுத்த ஊக்கி." மொழிபெயர்ப்புச் செய்தி ஒன்றின் தலைப்பு இது. பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகன் இதை வாசித்துவிட்டு, "மாமா, அவர் என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று கேட்டான். பிழை அவனுடையதன்று. ஊக்கமருந்துச் செய்தி வராத விளையாட்டுப் பக்கம் உண்டா? அதே பக்கத்தில் 'ஊக்கி' என்று அச்சிட்டால் பிள்ளை வேறு எதை நினைப்பான்?

செய்தி அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றியது. 'பூஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் 'ஊக்கி' என்று பெயர்த்திருக்கிறார்கள். அங்கே பூஸ்டர் என்பவர் ஒரு மனிதர். 'பூஸ்ட்' என்றால் கீழிருந்து தூக்கிவிடுதல். அமெரிக்காவில் பிறந்த சொல். ஊர்ப்பெருமை பேசி ஊரைத் தூக்கி நிறுத்துபவருக்கும், கல்லூரி அணிக்குப் பணம் தருபவருக்கும் அது பெயரானது.

'ரசிகர்' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். எனக்கு இதுதான் கூடுதல் கவலை. 'ஊக்கி' வாசிக்கும்போதே இடறும். 'ரசிகர்' இடறாமல் தவறான பொருளைத் தந்துவிடும். ரசிகர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர். என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி, விளையாட்டுத் துறைக்கு நன்கொடை தந்தவரும், நல்ல மாணவரை அணிக்கு இழுத்துவர உதவியவரும் பூஸ்டர். ஒருமுறை ஆகிவிட்டால் ஆயுள் முழுவதும் பூஸ்டர்தான். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத எதையும் அவர் வீரருக்குத் தரக்கூடாது என்பதே நெடுங்கால விதி. எப்போதாவது தம் வீட்டில் ஒருவேளைச் சோறு போடலாம். அதே சோற்றை உணவகத்தில் வாங்கித் தந்தால் விதிமீறல்!

டாலஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 13 அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு ஒரு பூஸ்டரின் பணத்திலிருந்து சுமார் 61,000 டாலர் போனது. தண்டனையாக அந்த அணியின் 1987 ஆட்டப்பருவம் முழுவதும் ரத்தானது. இங்கே 'ரசிகர் பணம் கொடுத்தார்' என்று எழுதிப் பாருங்கள். யாரோ ஒரு ரசிகர் செய்ததற்குப் பல்கலைக்கழகம் ஏன் தண்டனை பெற வேண்டும்? பூஸ்டரைப் பல்கலைக்கழகத்தின் ஆளாகவே விதி எண்ணுகிறது. 'ரசிகர்' என்ற ஒரு சொல்லால் வழக்கின் அடிப்படையே மறைந்துபோகிறது. அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் 'இவர் யார், யாருக்கு என்ன உறவு' என்று கேட்பதேயில்லை.

நம்மிடம் 'புரவலர்' இருக்கிறது. புரத்தல் என்றால் காத்தல். இரவலரும் புரவலரும் சங்கப் பாடல்களில் பிரியாத இணை. பழஞ்சொல், இன்று யாருக்குப் புரியும் என்று கேட்க வேண்டாம். ஊர் நூலகத்துக்கு 1,000 ரூபாய் கட்டியவரின் பெயர் புரவலர் என்றுதான் அங்கே சுவரில் இருக்கிறது. அமைப்புக்குப் பணம் தந்து அதனோடு பெயரால் பிணைந்தவர் என்ற பொருள் அந்தப் பலகையிலேயே தெரிகிறது. விதியை மீறிய கைக்கு இவ்வளவு உயர்ந்த சொல்லா என்று ஒரு நண்பர் வருந்தினார். சொல் ஆளின் உறவைக் காட்டுகிறது. அவர் செய்த குற்றத்தை வினைச்சொல் காட்டட்டும்.

2021 ஜூலை முதல், வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெற என்.சி.ஏ.ஏ. இடம் கொடுத்தது. பூஸ்டர்கள் பணத்தைத் திரட்டி அதற்கென 'கலெக்டிவ்' எனப்படும் அமைப்புகளைத் தொடங்கினார்கள். 'ஊக்கிக் கூட்டமைப்பு' என்று இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார்கள். 'புரவலர் கூட்டுநிதி' என்று எழுதுங்கள்.