பயாஸ்: சின்ன வால்வு ஆம்பை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

சொல்: பயாஸ். மூலம்: பிரெஞ்சு. தமிழ்: கோடல் (இலங்கைப் பாடநூல் வழக்கு), சார்பு (தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு).

வால்வு கிட்டார் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஓசையைப் பெருக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் வால்வு மாற்றியதும் முதலில் கேட்பது, "பயாஸ் எவ்வளவு?" என்றுதான். கிட்டாரிலிருந்து ஓசை வராதபோது, வால்வின் கிரிட் (எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) அதன் கேத்தோடைவிட (எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை) எத்தனை வோல்ட் எதிர்மறையில் நிற்கிறது என்பதே பயாஸ். கேத்தோடிலிருந்து ஆனோடுக்கு (எலக்ட்ரான்களை வாங்கும் தகடு) போகும் எலக்ட்ரான்களைக் கிரிட்டின் எதிர்மறை அழுத்தம் நெரிக்கிறது. எவ்வளவு நெரிக்கிறது என்பதைப் பொறுத்தே ஓய்வு மின்னோட்டம், அதாவது ஓசை இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம், அமையும். ஒலியின் தன்மை, வால்வின் சூடு, ஆயுள் மூன்றும் அந்த ஓய்வு மின்னோட்டத்தைப் பின்தொடரும்.

'பியே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சாய்வு, குறுக்குவாட்டம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது துணியைக் குறுக்காக வெட்டும் சாய்வுக்கும், புல்தரையில் உருட்டி ஆடும் பந்து ஒரு பக்கம் வளைந்து ஓடும்படி செய்த அமைப்புக்கும் வழங்கியது. மனச்சாய்வு என்ற பொருள் அதன் நீட்சி. வால்வுக்கு வந்தபோது 'வேண்டுமென்றே கொடுத்த சாய்வு' என்ற கருத்து அப்படியே தொடர்ந்தது. 1920களின் ரேடியோக்களில் இந்தச் சாய்வுக்கென்று தனி பேட்டரியே இருந்தது. இழையைச் சூடாக்க ஏ பேட்டரி, ஆனோடுக்கு பி பேட்டரி, கிரிட்டுக்கு சி பேட்டரி. அந்தப் பேட்டரிகள் போய்விட்டன. ஆம்ப் வரைபடங்களில் உயர் அழுத்தக் கம்பியை இன்றும் 'பி பிளஸ்' என்று குறிப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

தமிழ்நாட்டில் பள்ளியில் டையோடு படித்தவர்களுக்கு முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்ற சொற்கள் தெரிந்திருக்கும். கணக்குப் புத்தகத்திலும் சார்பு உண்டு, அங்கே அதன் பொருளே வேறு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முன்முகக் கோடல், பின்முகக் கோடல் என்கின்றன. கோடு என்ற வினைக்கு வளை, சாய், ஒரு பக்கம் ஒதுங்கு என்று பொருள். "அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி" என்று குறள் (118) துலாக்கோலைக் காட்டிச் சொல்லும்போது, சாயாமைதான் கோடாமை. பிரெஞ்சு மூலத்தின் பொருள் பிசகாமல் உட்காரும் சொல் இது என்பதால் நாம் கோடலைத்தான் பரிந்துரைப்போம். வெண்காந்தளுக்கும் கோடல் என்று பெயர். நன்னூலின் 'கோடன் மரபு' கொள்ளுதலைக் குறிப்பது. மின்னணுவியல் பேச்சில் இவற்றோடு குழம்ப வாய்ப்பில்லை.

கோடலில் இரண்டு வகை. கிரிட்டுக்குத் தனி எதிர்மறை மின்வழங்கி வைத்தால் அது நிலைக்கோடல். பெயரில் 'நிலை' இருந்தாலும், பெரும்பாலும் திருகித் திருத்தும் வசதி இதில்தான் இருக்கும். ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்து அழுத்தம் மாறாது என்பதால் வந்த பெயர். கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மின்தடை வைத்து, வால்வின் சொந்த மின்னோட்டத்தாலேயே கேத்தோடை நேர்மறைக்கு உயர்த்தினால் அது தற்கோடல். கிரிட் பூச்சிய வோல்ட்டில் நிற்க, கேத்தோடு 19 வோல்ட்டுக்கு ஏறினால், கேத்தோடின் பார்வையில் கிரிட் எதிர்மறை 19 வோல்ட்டில் இருக்கிறது. மின்னோட்டம் கூடினால் கோடலும் கூடி மின்னோட்டத்தை இழுத்துப் பிடிக்கும். வால்வு மாற்றும்போது தற்கோடல் ஆம்பில் திருக எதுவும் இல்லாததற்குக் காரணம் இதுதான். அளந்து பார்க்கத் தேவையில்லை என்று ஆகாது.

1950களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சுற்றை எடுத்துக்கொள்வோம். முன்பெருக்கி வால்வாக ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்டும் வால்வாக ஒரு 6வி6, அலைதிருத்தியாக (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் வால்வு) ஒரு 5ஒய்3, 8 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 வாட். 6வி6-இன் கேத்தோடில் 470 ஓம் மின்தடையும், அதற்கு இணையாக 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கியும் இருக்கும்.

அளக்கும் முறை: ஸ்பீக்கரைக் கட்டாயம் இணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை முதலை கிளிப்பால் சேசிஸில் மாட்டி, ஒரு கையை விலக்கி வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் 6வி6-இன் 8-ஆம் பின்னை (கேத்தோடு) தொடுங்கள். பிறகு 3-ஆம் பின்னை (ஆனோடு). மீட்டரும் அதன் கம்பியும் குறைந்தது 600 வோல்ட் தாங்க வேண்டும். கேத்தோடில் 21 வோல்ட், ஆனோடில் 360 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும்: 21-ஐ 470-ஆல் வகுத்தால் 44.7 மில்லிஆம்பியர். அதில் ஸ்கிரீனுக்கு (கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் நடுவே உள்ள இன்னொரு வலை) போகும் 2, 3 மில்லிஆம்பியரைக் கழித்தால் ஆனோடுக்கு 42. ஆனோடு-கேத்தோடு வேறுபாடு 339 வோல்ட். பெருக்கினால் 14.2 வாட். 6வி6ஜிடி-யின் பழைய அட்டவணை ஆனோடுக்கு 12 வாட்டும், பிந்தைய அட்டவணை 14 வாட்டும் வரம்பு வைக்கின்றன. இந்த வால்வு இரண்டையும் தாண்டிவிட்டது. விளக்கை அணைத்துப் பார்த்தால் ஆனோடுத் தகட்டில் மங்கிய சிவப்புத் தெரியக்கூடும்.

வரம்பில் 70 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்வார்கள். அது இரட்டை வால்வு மாறி மாறி இழுக்கும் ஏபி வகுப்பு நிலைக்கோடல் ஆம்புகளுக்கான விதி. ஒற்றை வால்வு ஏ வகுப்பு ஆம்ப் சும்மா இருக்கும்போதே முழுச் சூட்டில்தான் நிற்கும், 90 முதல் 100 விழுக்காடு வரை வைத்துக்கொள்ளலாம். 70-க்கு இறக்கினால் ஓசை மெலியும், அலையின் ஒரு பக்கம் முந்தி வெட்டுப்படும்.

வரம்பு தாண்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் வீட்டு மின்சாரமோ அலைதிருத்தியோதான். சுற்று வரைந்த காலத்தைவிட இன்று அமெரிக்க வீட்டு மின்னழுத்தம் கூடுதல். 5ஒய்3 இருந்த இடத்தில் ஜிஇசட்34 என்ற வேறு அலைதிருத்தி வால்வைச் செருகினாலோ, சிலிக்கன் டையோடு போட்டாலோ பி பிளஸ் பல பத்து வோல்ட் ஏறும். 470 ஓமுக்குப் பதிலாக 560 போடுங்கள், போதாவிட்டால் 680. மின்தடை இருமடங்கானால் மின்னோட்டம் பாதியாகிவிடாது. கோடலும் சேர்ந்து மாறுவதால் வீழ்ச்சி மிதமாகத்தான் இருக்கும். ஆகவே மாற்றியபின் மறுபடி அளந்தே கணக்கிட வேண்டும். மின்தடையிலேயே ஏறக்குறைய 1 வாட் சூடாகிறது, 5 வாட் உருப்படி போட்டால் கவலையில்லை. பலர் கோட்டை விடுவது மின்தேக்கியில்: 680 ஓமில் கேத்தோடு 25 வோல்ட்டைத் தொடும், பழைய 25 வோல்ட் மின்தேக்கி வீங்கும். 50 வோல்ட் தரத்தில் போடுங்கள். கூடவே முதல் வடிகட்டி மின்தேக்கியைப் பெரிதாக்கும் ஆசை வரும். 5ஒய்3 இருக்கும்வரை 20 மைக்ரோஃபாரட்டைத் தாண்ட வேண்டாம், ஆம்பை ஆன் செய்யும்போது அலைதிருத்தியில் பொறி பறக்கும்.

சாலிடரிங் அயர்னை எடுப்பதற்கு முன், பிளக்கைப் பிடுங்கி, வடிகட்டி மின்தேக்கிகளை 10 கிலோஓம், 5 வாட் மின்தடை வழியாக வடித்து, மீட்டரில் பூச்சியம் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது முட்டாள்தனம்.

மின்தடை சரியாக இருந்தும் தகடு சிவந்தால் 5-ஆம் பின்னை (கிரிட்) அளக்கவும். அங்கே பூச்சியம் காட்ட வேண்டும். ஓரிரு வோல்ட் நேர்மறை தெரிந்தால் முந்தைய நிலையிலிருந்து வரும் 0.02 மைக்ரோஃபாரட் இணைப்பு மின்தேக்கி கசிகிறது என்று சந்தேகிக்கலாம். 6வி6-ஐக் கழற்றிய பிறகும் அந்த வோல்ட் அப்படியே இருந்தால் மின்தேக்கி மேல்தான் குற்றம். மறைந்துவிட்டால் வால்வு கெட்டது.

12ஏஎக்ஸ்7-க்கும் தற்கோடல்தான். ஒரே குடுவைக்குள் இரண்டு வால்வுகள் இருப்பதால் அதற்கு இரண்டு கேத்தோடுகள்: இரண்டிலும் 1.5 கிலோஓம், ஏறக்குறைய 1.5 வோல்ட். முதல் பாதியில் இணை மின்தேக்கி இல்லாவிட்டால் பெருக்கம் ஏறக்குறைய பாதியாகும். 25 மைக்ரோஃபாரட் போட்டால் அடித்தொனி உட்பட எல்லாம் ஏறும். 8 அங்குல ஸ்பீக்கருக்கு 1 மைக்ரோஃபாரட் போட்டால் அடித்தொனி குழையாமல் நிற்கும். இரண்டாம் பாதியின் கேத்தோடில் மட்டும் மின்தேக்கி சேர்க்காதீர்கள். ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோஓம் வழியாக வரும் எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை எதிராகத் திருப்பிச் சேர்ப்பது) அங்கேதான் சேர்கிறது, மின்தேக்கி அதைத் தரைக்கு இறக்கிவிடும்.

பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. "பயாஸைக் கூட்டு" என்று ஒருவர் சொன்னால், கிரிட்டின் எதிர்மறை வோல்ட்டைக் கூட்டச் சொல்கிறாரா, மின்னோட்டத்தையா? கோடல் கூடினால் மின்னோட்டம் குறையும், இரண்டும் எதிரெதிர். "ஓய்வு மின்னோட்டம் 38 மில்லிஆம்பியர் வை" என்று எண்ணோடு சொன்னால் வால்வு பிழைக்கும். டேப் ரெக்கார்டரின் பயாஸ் வேறு சங்கதி. அது பதிவுத் தலைக்குக் கொடுக்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்.