மொக்குஹங்கா: கட்டையா, பலகையா?

மொக்குஹங்கா: செதுக்கிய மரப்பலகையில் நீர்ச்சாயம் தடவி, ஈரத்தாளை அதன்மேல் வைத்துக் கையால் தேய்த்து எடுக்கும் படம். ஜப்பானியச் சொல்.

'மொக்கு' மரம், 'ஹன்' அச்சுப் பலகை, 'கா' படம். மூன்றும் சீன எழுத்துகள்; பின்னிரண்டையும் சீனர் 'பான்ஹுவா' என்றும் கொரியர் 'பன்ஹ்வா' என்றும் படிப்பார்கள். 'ஹன்' எழுத்தின் இடப்பக்க உறுப்பே பிளந்த மரத்துண்டைக் குறிப்பதுதான்.

தமிழில் இதை 'மரக்கட்டை அச்சு' என்றால் குழப்பம் வரும். 'கட்டை' ஐரோப்பிய நுண்செதுக்குக்கே பொருந்தும்: அதில் மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் செதுக்குவார்கள். இங்கே நார் ஓடும் வாக்கில் அறுத்த பலகை. 'மரவெட்டு' என்ற சொல்லோ செதுக்குவதோடு நின்றுவிடுகிறது. 'மரப்பலகை அச்சோவியம்' என்பதே பொருந்தும். எண்ணெய் மையில் எடுப்பதிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் 'நீர்ச்சாய' என்று முன்னொட்டலாம். சீனரும் 'ஷுயின்', அதாவது நீரச்சு, என்று தனியாகவே சொல்கிறார்கள்.

இந்தக் கலையின் சூட்சுமமெல்லாம் நீரில்தான். முதல்நாளே தாளை நனைத்து, அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்தால் ஈரம் சீராகப் பரவும். பலகையில் சாயத்தோடு பட்டாணியளவு 'நோரி' என்னும் அரிசிப் பசை சேர்த்துத் தூரிகையால் பரப்பவேண்டும். பசை குறைந்தால் எள் தூவியதுபோல் புள்ளி விழும். இதன் பெயரே 'கோமா', அதாவது எள். வேண்டுமென்றே இதை வரவழைப்பவர்களும் உண்டு. பசை மிகுந்தால் திட்டுத் திட்டாக அடர்ந்து பளபளக்கும். தாளில் ஈரம் அதிகமானால் சாயம் கோட்டைத் தாண்டிக் கசியும். பாதி வேலையில் காய்ந்தால் தாள் சுருங்கி, அடுத்த நிறம் இடம் தப்பும். ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை ஒரே இடத்தில் பொருத்தி வைக்க அடையாளமாகப் பலகையிலேயே 'கென்தோ' என்ற இரு வெட்டுகள் உண்டு: வலமூலையில் ஒன்று, அதே விளிம்பில் இடப்பக்கம் தள்ளி இன்னொன்று. ஆனால் சுருங்கிய தாளை எந்தக் கென்தோவும் காப்பாற்றாது. ஈரத்தாளை நாள்கணக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

தேய்க்கும் கருவி 'பாரென்': முறுக்கிய மூங்கில்மடல் கயிற்றுச் சுருள், மேலே மூங்கில்மடல் உறை. அச்சு இயந்திரமே தேவையில்லை. இந்த எளிமைதான் இன்று பல நாட்டுக் கலைஞர்களை இதன்பால் இழுக்கிறது என்பது எங்கள் கருத்து. 2011இல் ஜப்பானின் கியோத்தோ நகரிலும் அவாஜித் தீவிலும் இதற்கென்றே முதல் பன்னாட்டு மாநாடு நடந்தது. ஜப்பானியக் கலைஞர் யுவாசா கட்சுதோஷி டிஜிட்டல் ஒளிப்படங்களை மரத்தில் செதுக்கிப் படமாக்குகிறார்.

மலைச்செர்ரிப் பலகை இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் ஷினா என்னும் ஜப்பானிய லிண்டன் மரத்தின் ஒட்டுப்பலகை. லேசரில் வெட்டுவோரும் உண்டு. கத்தி கோட்டின் இருபுறமும் வெளிச்சரிவாக இறங்குவதால் கோட்டின் அடி அகன்று உறுதியாக நிற்கும். லேசரோ செங்குத்தாக எரிக்கும். சரிவு அமைக்காமல் விட்டால் மெல்லிய கோடு தூரிகை உரசலிலேயே பெயர்ந்துவிடும். எரிந்த கரியைத் துடைக்காவிட்டால் வெளிர் நிறம் அழுக்காகும்.